கட்டை நகரும் பெட்டி: ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் பற்றி ஒரு சங்கீத ரீச்சர்

கட்டை வரிசையை நகர்த்திச் சுருதியை மாற்றக்கூடிய ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் வாங்கலாமா என்று பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்துச் சங்கீத ஆசிரியர்களும் கூத்துக்காரரும் என்னைக் கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைமணி நேரம் சொல்லுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன். பாடசாலையில் பிள்ளைகளுக்கும், கோயிலில் பஜனைக்கும், பங்குனி, சித்திரையில் கூத்துக்கும் இந்தப் பெட்டியைத்தான் வாசிக்கிறேன். கம்பனியின் பேரை எழுதவில்லை. ஆர்மோனியம் கையால் செய்கிற சாமான். ஒரே பேரில் வருகிற இரண்டு பெட்டி ஒன்றுபோல இராது. ஆகவே இந்த வகைப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பல தொண்டைகளுக்கு வாசிக்கிறவர் கட்டாயம் வாங்க வேண்டிய பெட்டி இது. தன் ஒரு தொண்டைக்கு மட்டும் வாசிக்கிறவருக்கு இது வீண் பாரம், வீண் காசு.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கட்டைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். விரலால் அழுத்துகிறதையும் கட்டை என்போம், சுருதியின் அளவையும் கட்டை என்போம். ஆர்மோனியத்தில் ஸ என்ற வெள்ளைக் கட்டையை ஆதாரமாக வைத்தால் அது 1 கட்டைச் சுருதி. மேற்கத்தியர் அதை சி என்பார்கள். அடுத்த கறுப்பு 1½, அடுத்த வெள்ளை 2, பிறகு 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கறுப்பு இல்லை, ஆகவே 3½ என்று ஒன்று கிடையாது. ஒன்றிலிருந்து பக்கத்தில் உள்ளதற்குப் போகிற தூரத்தை அரைக் கட்டை என்போம், மூன்றிலிருந்து நாலுக்கும் அவ்வளவுதான். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நாலரை, ஐந்து, ஐந்தரை. கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்கு எது வசதியோ அதை முதலிலேயே பிடித்து, தம்புராவைச் சேர்த்து, மங்களம்வரை அதிலேயே நிற்பார்கள். எத்தனை ராகம் மாறினாலும் ஸ அசையாது. ராகமாலிகையில்கூட ராகம்தான் மாறும், சுருதி மாறாது.

பாடசாலையில் அப்படி நிற்க முடியாது. தமிழ்த்தினப் போட்டி வந்தால் ஒரே பிற்பகலில் தனிப்பாட்டுக்கு ஒரு பிள்ளை, குழுப்பாட்டுக்கு ஒரு கூட்டம், இசை நாடகத்துக்குப் பெரிய பெடியங்கள் என்று வரிசையில் நிற்பார்கள். ஒருத்திக்கு 5½, அடுத்தவனுக்கு 1½, குழுவுக்கு 4½. எல்லாக் கட்டையிலும் எல்லா ராகமும் விரலில் இருக்கிற வித்துவானுக்கு இது ஒரு பொருட்டல்ல. என்னைப்போலப் பாட்டைப் படிப்பித்து, பிள்ளையின் வாயைப் பார்த்து, தாளத்தைக் கவனித்து, அதோடு பெட்டியும் வாசிக்கிறவருக்கு அது பெரிய சுமை. மோகனத்தை எடுத்துப் பாருங்கள். 1 கட்டையில் ஸ ரி க ப த ஐந்தும் வெள்ளை. அரைக் கட்டை ஏற்றி 1½ இல் வைத்தால் நாலு கறுப்பு, ஒரு வெள்ளை. விரல் தடுமாறும் இடம் அதுதான்.

பெட்டி இதை எப்படித் தீர்க்கிறது என்று கிட்டவே நின்று பார்ப்போம். சாதாரணப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே அதற்கென்றே ஒரு துவாரம், ஒரு பித்தளை ரீட். கட்டையை அழுத்தினால் மூடி திறக்கும், துருத்திக் காற்று ரீடை அதிர வைக்கும். ஸ்கேல் சேஞ்சரில் கட்டை வரிசை முழுவதும் ஒரு சட்டத்தில் தனியாக இருக்கும். ரீட் பலகை அசையாது. முன்பக்கத்துப் பிடியைத் தூக்கினால் சட்டம் மேலே கிளம்பும், இடமோ வலமோ தள்ளலாம், விட்டால் அடுத்த பள்ளத்தில் அமரும். ஒரு பள்ளம் நகர்ந்தால் எல்லாக் கட்டையும் பக்கத்து ரீடுக்கு மேலே போய் நிற்கும், சுருதி அரைக் கட்டை மாறும். விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் புது இடத்திலிருந்து வரும்.

என்னுடையது 9 இடத்துக்கு நகர்கிறது. கட்டைகள் 39. நகர்வதற்கு ஓரங்களில் 8 ரீட் மிகையாக வேண்டும், ஆகவே ஒரு வரிசைக்கு 47. இரண்டு வரிசை இருப்பதால் மொத்தம் 94 ரீட். கடையில் வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சட்டத்தை முழுக்க இடப்பக்கம் தள்ளி ஆகக் கீழ்க் கட்டையை அழுத்துங்கள், முழுக்க வலப்பக்கம் தள்ளி ஆக மேல்க் கட்டையை அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் மிகை ரீட் வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி ஒன்பது இடம் எதற்குப் போதும் என்ற கணக்கு. கடைக்காரர் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். என் பெட்டியில் நடுப்பள்ளத்தில் இருந்தால் ஸ கட்டை 1 கட்டை. வலப்பக்கம் நாலு பள்ளம்: 1½, 2, 2½, 3. இடப்பக்கம் நாலு பள்ளம்: 7, 6½, 6, 5½. எண்ணிப் பாருங்கள், 4, 4½, 5 மூன்றும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வேண்டிய 4½, 5 இரண்டும் அதற்குள்தான்! வாங்கி வந்து முதல் வாரத்திலேயே பலருக்கு மனம் உடைவது இங்கேதான். ஆனால் வழி இருக்கிறது. நாலாவது வெள்ளையை ஸ ஆக வைத்து வாசிக்கப் பழகுங்கள். நடுப்பள்ளத்தில் அது 4 கட்டை. ஒரு பள்ளம் வலப்பக்கம் தள்ளினால் 4½, இன்னொன்று தள்ளினால் 5. நாலாவது வெள்ளையிலிருந்து சங்கராபரணம் வாசித்தால் ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான் வரும், ம வில். ஆக, இரண்டு விரல் பழக்கம் இருந்தால் பன்னிரண்டு சுருதியும் கைக்குள் வந்துவிடும். பிள்ளைகளுக்கு நான் இதை 'ஒண்டு விரல்', 'நாலு விரல்' என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன். 13 இடம் நகரும் பெட்டி வாங்கினால் ஒரே விரலே போதும். ஆனால் அது இன்னும் பாரம், விலையும் இன்னும் கூட.

பெட்டியின் உண்மையான பெறுமதி எனக்குத் தெரிந்தது ஒரு பெடியனால். அரிவிச் சிந்து பாடித் தனிப்பாட்டில் கோட்டமட்டத்தில் முதலாமிடம் எடுத்தவன். ஐந்து கட்டை, கணீரென்ற குரல். வலயப் போட்டி முடிந்து மாகாணத்துக்கு ஆயத்தம் செய்கிற நேரம் குரல் உடைந்துவிட்டது. மேல் ஸ வரும்போது தொண்டை பிளந்து காற்று மட்டும் வந்தது.

"மிஸ், எனக்குப் பதிலா வேற ஆரையும் விடுங்கோ" என்றான். அழாக்குறை.

"நீ பாடு ராசா, பெட்டி இறங்கி வரும்" என்றேன்.

ஒவ்வொரு பள்ளமாக இறக்கினேன். 4½, 4, 3. ஒவ்வொன்றிலும் அந்தச் சிந்தின் ஆகக் கீழ் அடியையும் ஆக மேல் அடியையும் மட்டும் பாட வைத்தேன். மூன்றில் மேலே இன்னும் கீறியது. இரண்டில் மேலே வந்தது, ஆனால் இழுத்துத்தான் வந்தது. 1½ இல் இரண்டு பக்கமும் இளகிவிட்டது. அந்தச் சுருதியில் பாட்டின் குணமே மாறிப்போயிற்று. பிள்ளைக் குரலில் துள்ளிய சிந்து, வயலில் நிற்கிற ஆம்பிளையின் பாட்டாகிவிட்டது. அரிவி வெட்டுகிறவர்கள் பாடியது அப்படித்தானே இருந்திருக்கும். விரலை மாற்றி மாற்றித் தேடியிருந்தால் அவனுடைய பொறுமையும் என்னுடைய பொறுமையும் 3 கட்டையிலேயே முடிந்திருக்கும்.

சுருதி தேடுகிற முறை இதுதான், எந்தப் பெட்டி இருந்தாலும் செய்யலாம். பாட்டைத் தொடக்கத்திலிருந்து பாட வைக்காதீர்கள். பல்லவி எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கும். சரணத்தின் உச்சியையும், பாட்டில் வருகிற ஆகக் கீழ் சுரத்தையும் பிடித்துப் பாட வையுங்கள். கீழ் ப முதல் மேல் க வரை போகிற பாட்டு என்றால் அதற்குள் 21 அரைக் கட்டை தூரம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் வசதியான எல்லை அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட பாட்டில் அரைக் கட்டை கூடினால் மேலே கத்தல், அரைக் கட்டை குறைந்தால் கீழே முணுமுணுப்பு. ஒரு போட்டியை வெல்லவும் தோற்கவும் அந்த அரைக் கட்டை போதும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனிக் குறைகள். சுருதியின் நுட்பத்தில் ஒரு குறை இருக்கிறது, அது இந்த வகைக்கே உரியது. கட்டை நகர வேண்டுமானால் எல்லா அரைக் கட்டையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சமபங்கு. அப்படி இருந்தால்தான் எந்தப் பள்ளத்தில் வைத்தாலும் ராகம் ஒரேமாதிரி ஒலிக்கும். ஆனால் தம்புரா தருகிற இயற்கையான அந்தர காந்தாரம், அதாவது மோகனத்தில் வருகிற க, அந்தச் சமபங்கில் இல்லை. அரைக் கட்டையை 100 பங்காக்கினால் பெட்டியின் க ஏறத்தாழ 14 பங்கு கூடி நிற்கும். ப வில் வித்தியாசம் 2 பங்கு மட்டும், காது பொறுத்துக்கொள்ளும். கல்யாணி, மோகனம் பாடும்போது பக்கத்தில் தம்புராப் பெட்டியையும் ஓட விட்டு க வில் நீட்டி நின்று பாருங்கள், இரண்டு சத்தமும் உரசும். சாதாரணப் பெட்டி வைத்திருக்கிற சிலர் தங்கள் ஒரு சுருதிக்கு மட்டும் ரீடைச் சுரண்டி க வை இயற்கையாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்கேல் சேஞ்சரில் அதைச் செய்யவே கூடாது. ஒரு பள்ளத்தில் தேனாக இருப்பது அடுத்த பள்ளத்தில் அபசுரமாகும்.

ஆர்மோனியம் மேல் பழைய பகை இதற்காகவும், சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்துக்காகவும்தான். 1940 இல் அகில இந்திய வானொலி இந்த வாத்தியத்தை நிலையத்துக்குள் விடாமல் நிறுத்தியது, 1971 வரை அந்தத் தடை இருந்தது. பெட்டியில் சுரத்தை அசைக்க முடியாது என்பது உண்மை. தோடியின் காந்தாரத்தைப் பெட்டியில் காட்டு என்றால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதனால் பிள்ளைக்கு ராகத்தைப் படிப்பிக்கும்போது நான் பெட்டியில் ஸ ப மட்டும் பிடித்துக்கொண்டு வாயால்தான் பாடிக் காட்டுவேன். பெட்டி பிள்ளைக்கு நிற்க இடம் காட்டட்டும், அசைவைக் குரலிடமிருந்து கற்கட்டும்.

இரண்டாவது குறை, சுருதி இழுப்பான்கள். முன்பக்கத்தில் தொடர்ந்து ஒலிக்கிற ரீடுகளுக்கு இழுப்பான் வைத்திருப்பார்கள். அவை கட்டையோடு நகராது. நடுப்பள்ளத்தில் வைத்து அழகாக ஸ சேர்ந்தது, ஒரு பள்ளம் தள்ளியதும் அதே இழுப்பான் காதைக் கிழிக்கும். பள்ளம் மாற்றினால் இழுப்பானை மூடுங்கள், அல்லது எது பொருந்தும் என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள். என் பெட்டி மூடியில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது.

மூன்றாவது, பொறி. என் பெட்டியில் 2½ கட்டைப் பள்ளத்தில் சட்டம் முழுதாக அமரவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்து ரீடும் சேர்ந்து முனகியது. வாங்கிய இடத்தில் கேட்டேன். "ஓடி ஓடிச் சரியாகும் ரீச்சர்" என்றார்கள். சரியாகவில்லை. பிறகு ஊரிலுள்ள ஒரு தச்சு ஆசாரிதான் பள்ளத்தின் விளிம்பை மெல்லச் சீவிவிட்டார், சரியாயிற்று. கடையில் பார்க்கும்போது எல்லாப் பள்ளத்திலும் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நேரம் எடுக்கும், கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கப்ளர் போட்டிருக்கும்போது சட்டத்தைத் தூக்கவே வேண்டாம். ஒரு கட்டை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து இழுக்கிற கம்பிகள் அவை, வளைந்தால் எங்கள் பக்கத்தில் நிமிர்த்தத் தெரிந்தவர் கிடைப்பது அருமை.

ஒரு விஷயத்தில் பெட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேன். பாட்டின் நடுவில் சுருதியை மாற்ற முடியாது என்று இதைக் குறை சொல்கிறார்கள். கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை தட்டினால் ஆயிற்று, இதில் இரண்டு கையும் வேண்டும், துருத்தி நிற்கும், சத்தம் அறுந்துவிடும். உண்மைதான். தேவாலயப் பாடகர் குழுவில் கடைசிச் சரணத்தை அரைக் கட்டை ஏற்றிப் பாடுவார்கள், சினிமாப் பாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. கேட்கிறவர் நெஞ்சு ஒருமுறை நிமிரும். அதைப் பெட்டியில் செய்ய நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது எட்டு எண்ணிக்கைச் சுற்று ஒன்றை, மிருதங்கத்துக்கு விட்டுவிடுவேன். முதல் நாலு எண்ணிக்கைக்குள் பிடியைத் தூக்கித் தள்ளி அமர்த்திவிடலாம். ஆறாவதில் காற்று, ஏழாவதில் புது ஸ, எட்டில் பிள்ளைகள் மூச்செடுப்பார்கள். மிருதங்கக்காரருக்கு ஒரு தீர்மானம் அடிக்க இடம் கிடைத்த சந்தோஷம்.

பெட்டி மாறிவிடும். பிள்ளைகளின் காது மாற வேண்டுமே, அதுதான் பாடு. புது ஸ பழைய பாட்டில் எந்தச் சுரம் என்று சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கட்டை ஏறினால் பழைய ரி தான் புது ஸ. பிள்ளைகள் சுலபமாகப் பிடிப்பார்கள். அரைக் கட்டை ஏறுவதுதான் சிரமம். சங்கராபரணத்தில் அந்த இடத்தில் சுரமே இல்லை. அங்கே பழைய ஸ வை நி ஆக நினைக்கச் சொல்வேன். நி என்று பாடியதும் அது தானாக மேலே ஸ வைத் தேடும். எல்லாவற்றிலும் வசதி ம வுக்குப் போவது. பழைய ம புது ஸ ஆகும், பழைய ஸ புது ப ஆகும். ஒலித்துக்கொண்டிருக்கிற ஸ அப்படியே ப வாக நின்று தாங்கும். நம்முடைய பழக்கத்திலேயே இது இருக்கிறது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி போன்றவற்றை மத்திம சுருதியில் பாடுவது இந்த முறைதான். தாலாட்டும் நாட்டார் மெட்டும் அந்தச் சுருதியில் எவ்வளவு இதமாக உட்காருகின்றன என்று பாடிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இரண்டையும் குழப்புகிறார்கள். கட்டையை நகர்த்தினால் ராகம் மாறாது, ராகம் வீடு மாறும், அவ்வளவுதான். கட்டையை நகர்த்தாமல் ஸ வை மட்டும் வேறு கட்டைக்கு மாற்றினால் ராகமே மாறிவிடும். இது கிரகபேதம், சுருதிபேதம் என்கிறோம். இதற்குப் பெட்டியின் பொறி ஒன்றும் உதவாது, உதவ வேண்டிய தேவையும் இல்லை.

பிள்ளைகளுக்கு நான் இதைக் கறுப்புக் கட்டையில் காட்டுவேன். பெட்டி நடுப்பள்ளத்தில் இருக்க, கறுப்பு ஐந்தை மட்டும் வாசிக்க வேண்டும். மூன்று சேர்ந்து நிற்கிற கறுப்புகளில் முதலாவதை, அதாவது 4½ கட்டையை ஸ ஆக வைத்து அதையே நீட்டிக்கொண்டு வாசித்தால் மோகனம். அதே ஐந்து, ஆனால் 5½ ஐ ஸ ஆக வைத்தால் மத்தியமாவதி. 6½ இல் நின்றால் இந்தோளம். 1½ இல் சுத்த சாவேரி. 2½ இல் சுத்த தன்யாசி. கட்டை ஒன்றுகூட மாறவில்லை, நின்ற இடம் மாறியது, ஐந்து ராகம் பிறந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல்தடவை இதைக் கேட்டபோது வகுப்பே எழும்பி நின்று "மிஸ் திருப்பி, மிஸ் திருப்பி" என்று கேட்டது. ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற பெரிய வித்துவான்கள் ஆலாபனையின் நடுவில் இதைச் செய்து காட்டிப் பழைய ஸ வுக்குத் திரும்புவார்கள். தம்புரா பழைய ஸ வையே சொல்லிக்கொண்டிருக்கும், பாடகர் மட்டும் மனத்தில் வேறு ஸ வில் நிற்க வேண்டும். அந்தக் கத்திமுனை நடைக்காகத்தான் சிலர் அதை விரும்புகிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள்.

எங்களுக்கு இது வெளியிலிருந்து வந்த வித்தையும் அல்ல. வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற மக்கள் நாங்கள். அவளுடைய கதையைப் பாடிய சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரமாகப் பேரிடுகிறார்கள். வட்டத்தில் யாரைக் குரலாக, அதாவது முதல் சுரமாக, கொண்டு தொடங்குகிறோமோ அதற்கேற்பப் பாலை என்கிற சுரவரிசை மாறும். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று ஏழு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் இந்தப் பண்ணுப் பெயர்ச்சியைத்தான் கணக்கோடு விரித்தார். கிரகபேதம் படிப்பிக்கும் நாளில் நான் ஏழு பிள்ளைகளை வகுப்பில் வட்டமாக நிறுத்துகிறேன். ஒவ்வொருத்தியும் தன் சுரத்தைப் பாட, தொடங்குகிற ஆளை மாற்றிக்கொண்டே போவோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

திரும்பப் பெட்டிக்கு வருவோம். இது தன் விலைக்கு முழுப் பலன் தருகிற இடம் கூத்துக்களரி. காத்தவராயன் கூத்து சிந்துநடையில் விடியவிடியப் போகும். காத்தானே ஒருவர் அல்ல. பாலக் காத்தான் ஒருவர், ஆதிக் காத்தான் ஒருவர் என்று ஆள் மாறும். முத்துமாரிக்கு ஒரு குரல், ஆரியமாலைக்கு ஒரு குரல், சின்னானுக்கு ஒரு குரல். மெட்டு ஒன்று, தொண்டை பல. முன்பெல்லாம் ஒரே சுருதியில் வைத்துவிட்டு எட்டாதவர் கத்துவார், மற்றவர் விழுங்குவார். இப்போது ஒருவர் உள்ளே போய் மற்றவர் வரவு எடுக்கிற இடைவெளியில் நான் பள்ளத்தை மாற்றிவிடுகிறேன். கூத்தைப் பழக்குகிற எங்கள் அண்ணாவியார் முதலில் நம்பவில்லை. ஒத்திகையில் ஆதிக் காத்தானுக்கு அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தபோது, பாடி முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "இனி இவனுக்கு இதுதான் பிள்ளை, குறிச்சு வை" என்றார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எதிரே பள்ளத்தின் எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். நடுச்சாமத்தில் ஜெனரேட்டர் நின்றால் கீபோட் ஊமை. பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, கூத்து நிற்காது.

ஒரு எச்சரிக்கை. வெயில் ஏறினால் புல்லாங்குழலும் நாதசுரமும் சுருதி ஏறும், பித்தளை ரீட் மிகச் சிறிதளவு இறங்கும். பங்குனி மத்தியானத்தில் குழலோடு சேர்ந்து வாசித்தால் காலையில் சேர்ந்தது பின்னேரம் சேராது. பெட்டி அரைக் கட்டைக்குத்தான் நகரும், அதற்கு இடைப்பட்ட வித்தியாசத்துக்கு ஒன்றும் செய்யாது. குழல்காரர்தான் ஊதுவாயைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும். அதேபோலத் துருத்தியை ஓங்கி அடித்தால் கீழ்ஸ்தாயி ரீட் இன்னும் இறங்கும். மெல்ல, ஒரே சீராகக் காற்றைக் கொடுங்கள்.

எங்கள் காலநிலைக்குப் பராமரிப்பு முக்கியம். கோடையில் கிறவல் புழுதி ரீடுக்குள் போய்ச் சத்தத்தை அடைக்கும். மெல்லிய கடதாசித் துண்டை ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு எடுத்தால் போதும், ஊசியோ கத்தியோ வேண்டாம். ரீடின் நுனியில் கீறினால் சுருதி ஏறும், அடியில் கீறினால் இறங்கும், ஒருதரம் கீறியதை ஒட்ட முடியாது. மாரியில் மரம் ஊதிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், நகரும் சட்டமும் இறுகும். அந்த மாதங்களில் நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். கறையானுக்கும் அதுவே நல்லது.

விலை சாதாரணப் பெட்டியைப்போல ஏறக்குறைய இருமடங்கு. பாரமும் கூட, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஏ9 வீதியில் பஸ் ஏறுவது கடினம். கட்டையின் தொடுகை சற்று இறுக்கம், வேகமான சுரக்கோர்வை வாசிக்கிறவருக்குப் பிடிக்காது.

வீட்டில் பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு, மூன்று வருடம் சாதாரணப் பெட்டியில் விரலை ஓடவிடட்டும், கறுப்பில் இடறி இடறிப் பழகட்டும். பாடசாலைக்கும், பஜனைக் குழுவுக்கும், கூத்துக் கழகத்துக்கும் வாங்குங்கள். பொதுக்காசில் வாங்குவதானால் சங்கீதம் தெரிந்த ஒருவரையும் தச்சுவேலை தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்றி இறக்கும்போது சட்டத்தை நடுப்பள்ளத்தில் அமர்த்தி, கப்ளரை எடுத்துவிட்டு, கட்டைகளின் மேல் மடித்த துணி ஒன்றை வைத்து மூடியைப் பூட்டுங்கள். வேறு பள்ளத்தில் நிற்கும்போது குழியில் பஸ் விழுந்தால் சட்டம் துள்ளிக் கம்பிகளை நசித்துவிடும்.